பழைய முகம் கேட்ட புதிய கார்: செந்தூல் பட்டறையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி, விபத்தில் அடிபட்ட வண்டிகள். மீதி, தோற்றத்தை மாற்றச் சொல்லி வருபவை. இந்த இரண்டாம் வகையில் சில ஆண்டுகளாக ஒரே வேண்டுகோள் திரும்பத் திரும்ப வருகிறது: "புது ஸ்போர்ட்ஸ் கார்தான், ஆனா பழைய கார் மாதிரி ஆக்கிக் கொடுங்க." 2022இல் அப்படி வந்த ஒரு வண்டியின் வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இங்கே பதிகிறேன். அதில் நாங்கள் ஒரு பெரிய தவறு செய்து, செய்ததைக் கழற்றிப்போட்டு மறுபடி தொடங்கினோம். வண்டிக்காரரும் அவர் மகனும் எழுதச் சம்மதித்தார்கள். பெயர்கள் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பின்னணி

வண்டிக்காரர் ரவாங்கில் லாரித் தொழில் நடத்துபவர். அப்போது அவருக்கு 52 வயது. எழுபதுகளின் கடைசியில் அவருடைய தாய்மாமன் ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு பட்டறையில் மெக்கானிக்காக இருந்தார். சனிக்கிழமைகளில் மாமனுக்குச் சோறு கொண்டுபோவது இவர் வேலை. டட்சன் 120ஒய் வண்டிகள் வரிசையாக நிற்கும் அந்த இடத்துக்கு மாதம் ஒருமுறை ஆரஞ்சு நிற டட்சன் 240 இசட் ஒன்று வரும். மாமன் பானட்டைத் தூக்கி, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தன் காதிலும் மறு முனையை, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டரின் வாயிலும் வைத்துக் கேட்பார். இரண்டு கார்புரேட்டரும் ஒரே சத்தமாக மூச்சு விடும்வரை திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஒருநாள் குழாயைச் சிறுவன் காதிலும் வைத்தார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுகிறார் இவர்.

240 இசட், நிசான் கம்பெனி டட்சன் என்ற பெயரில் விற்ற கார்; 1969இல் வந்தது. ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர் இன்ஜின், நீண்ட மூக்கு, பின்னால் தள்ளி உட்கார்ந்த கூடு. அமெரிக்காவில் 3,526 டாலருக்கு அது விற்பனைக்கு வந்தபோது, அந்த விலைக்கு அப்படி ஒரு வண்டி வேறு இல்லை. அசல் வண்டி ஒன்றை வாங்கத்தான் இவர் முதலில் தேடினார். அந்தக் காரின் தகரத்துக்குத் துரு என்றால் உயிர். நம் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். பார்த்த இரண்டு வண்டிகளிலும் துருவை மறைக்கப் பூசிய பட்டியைச் சுரண்டினால் உள்ளே தகரமே இல்லை. அதனால் 2021இல், 2012ஆம் ஆண்டு டொயோட்டா 86 ஒன்றை மகனோடு சேர்ந்து செகண்ட் ஹேண்டாக வாங்கினார். வார இறுதியில் ஓட்டுபவர் மகன். பொறியியல் படித்து முடித்திருந்தார், 24 வயது.

2022 மார்ச்சில் இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். தந்தை கைபேசியில் படத்தைக் காட்டிச் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, எனக்கு அந்த ரெண்டு கண்ணு வேணும். மத்தது உன் இஷ்டம்."

மகன் ஒன்றும் பேசவில்லை. காரின் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டார். நான் அதைக் கவனித்தேன். ஆனால் பொருட்படுத்தவில்லை.

அளவெடுத்தபோது கண்டது

முதல் வாரம் அட்டையும் கறுப்பு டேப்பும் வைத்துக் காரின் முன்புறத்தில் வரைந்து பார்த்தோம். எங்களிடம் தகர வேலை செய்யும் பெரியவர், செந்தூல் ரயில் பட்டறையில் கைபழகிய தலைமுறையிடம் தொழில் கற்றவர். அவருடைய கண் அளவுகோலை நம்பித்தான் எங்கள் பட்டறை ஓடுகிறது. அவர் டேப்பை ஒட்டுவார், பத்து அடி பின்னால் போவார், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், திரும்ப வந்து பிய்ப்பார்.

மூன்றாம் நாள், "முகம் உட்காரல" என்றார்.

காரணம் எண்ணிலேயே இருந்தது. 240 இசட்டின் அகலம் சுமார் 1,630 மி.மீ., இந்த வண்டியின் அகலம் 1,775 மி.மீ. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான அச்சிடை நீளம் அங்கே 2,305, இங்கே 2,570. அதே வட்ட விளக்கை அகலமான முகத்தில் வைத்தால் கண் சிறுத்துப்போகிறது. விளக்கைப் பெரிதாக்கினால் பொம்மை முகம். பழைய காரில் விளக்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஓடும் கோடு, கதவைத் தாண்டிப் பின்சக்கரத்தின் மேல் வந்து இறங்கும். இங்கே கதவையும் கண்ணாடியையும் தொடப் போவதில்லை. ஆக, அந்தக் கோடு கதவின் விளிம்பிலேயே அறுந்து நிற்கும்.

இன்னொன்றையும் அப்போதே கண்டோம். பழைய விளக்கு, முகத்தில் குழி தோண்டி உள்ளே வைத்தது போலிருக்கும். அந்தக் குழிக்கு ஆழம் வேண்டும். இந்தக் காரில் அந்த ஆழத்தை எடுக்கப் போனால் பம்பருக்குள் இருக்கும் உலோகக் குறுக்குச் சட்டம் தடுக்கிறது. மோதலில் முதல் அடியை வாங்குவது அந்தச் சட்டம்தான். பக்கத்திலேயே ஏர்பேக்குக்குச் செய்தி அனுப்பும் சென்சார்.

வட்ட விளக்கு ஏன் வட்டமாக இருந்தது என்று அப்போது யாராவது என்னைக் கேட்டிருந்தால் நல்லது. அமெரிக்காவில் 1940 முதல் ஏழு அங்குல வட்ட சீல்டு பீம் விளக்குதான், அதாவது ஒரே கூடாக அடைத்து மூடிய விளக்குதான், கட்டாயமாக இருந்தது. நான்கு விளக்கு வைப்பதற்குப் பின்னாளில் சிறிய வட்டத்தை அனுமதித்தார்கள். செவ்வக விளக்குக்கு எழுபதுகளின் நடுப்பகுதிவரை இடமில்லை. அங்கே விற்க நினைத்த எந்தக் கம்பெனிக்கும் வட்டத்தைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த வட்டத்தை எப்படி அழகாகப் பொருத்துவது என்பதே அன்றைய வடிவமைப்பாளர்கள் தீர்த்த கணக்கு. நாங்கள் அவர்களுடைய விடையை மட்டும் எடுத்து, வேறொரு கணக்கின் கீழே எழுதப் பார்த்தோம்.

முதல் முடிவு: மூக்கை மாற்றுவது

இவ்வளவும் தெரிந்தும் வேலையை ஒப்புக்கொண்டோம். இதை நான் மறைக்கப் போவதில்லை. காரணம் இரண்டு. தந்தையின் ஆசை உண்மையானது. அவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, முடியாததைச் செய்து காட்டுகிற ஆசை எனக்கும் இருந்தது.

இரண்டு வரம்புகளை மட்டும் எழுத்தில் வைத்தோம். குறுக்குச் சட்டத்தையும் சென்சாரையும் தொடுவதில்லை. ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் கிடைக்கும்வரை வண்டி பொதுச் சாலையில் ஓடாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளும் நம் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டியவை. நிறம் மாற்றினால்கூடப் பதிவில் மாற்ற வேண்டும். சம்மனுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. ஒப்புதல் இல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் காப்புறுதிப் பணம் வரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது.

ஜூன் முதல் செப்டம்பர்வரை ஃபைபரில் மூக்குச் செய்தோம். களிமண் வைத்து வடிவம், அதன்மேல் அச்சு, அச்சுக்குள் நான்கு அடுக்கு ஃபைபர், பிடிமானத்துக்கு உள்ளே இரும்புச் சட்டகம். குழி போதுமான ஆழம் வராததால் விளக்கு சற்று முன்னால் துருத்தியது. அதை மறைக்க விளிம்பைத் தடித்தோம். பழைய காருக்கு முன்னால் மெல்லிய குரோம் பம்பர் ஒன்று, காற்று நுழையும் வாயின் குறுக்கே ஓடும். அதைப் போலவே நாங்களும் ஒரு பட்டையை வைத்தோம். அது எதையும் தாங்காது. சும்மா அலங்காரம்.

முடித்துத் தராசில் வைத்தபோது, கழற்றிய பம்பரையும் விளக்குகளையும்விட எங்கள் மூக்கு 9 கிலோ கூட. எடை கூடினால் அது நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வேலை இல்லை. பெரியவர் தராசைப் பார்த்துவிட்டு அமைதியாகப் போய்க் கைகழுவினார்.

செப்பாங்கில் நடந்தது

சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் தந்தை தன் லாரியிலேயே காரை ஏற்றிச் செப்பாங் பந்தயத் தடத்துக்கு அனுப்பினார். பொதுமக்கள் கட்டணம் கட்டி ஓட்டும் நாள் அது. தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், இரண்டு நீண்ட நேர்ப்பாதைகள். ஒரு வண்டியின் குறை ஒளிந்துகொள்ள அங்கே இடம் இல்லை. இதே காரை முந்தைய ஆண்டு மகன் அங்கே ஓட்டியிருந்தார். அன்றைய பதிவு அவர் கைபேசியில் இருந்தது: ஐந்து சுற்று முடிந்தபோது இன்ஜின் எண்ணெயின் சூடு 121 டிகிரி.

இந்த முறை மூன்றாவது சுற்றிலேயே 138.

மகன் வேகத்தைக் குறைத்து, தடத்தோரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் கொண்டுவந்தார். தந்தை கதவைத் திறந்து குனிந்து மீட்டரைப் பார்த்தார். "முள் நடுவுலதானே இருக்கு? என்ன சூடு?" என்றார். அவர் பார்த்தது தண்ணீர்ச் சூட்டின் முள். அந்த வண்டியின் மீட்டரில் எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. மகன், காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி ரீடர் வழியாகக் கைபேசியில் பார்த்ததால்தான் எங்களுக்குத் தெரிந்தது. கைபேசி இல்லாமல் தந்தை ஓட்டியிருந்தால் இன்ஜின் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

பட்டறையில் பிரித்துப் பார்த்தோம். அலங்காரப் பட்டை வாயின் மூன்றில் ஒரு பங்கை அடைத்திருந்தது. மூக்குக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நாங்கள் விட்ட இடைவெளி வழியாக, உள்ளே வந்த கொஞ்சக் காற்றும் ரேடியேட்டருக்குள் போகாமல் மேலேயும் பக்கத்திலேயும் தப்பியது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் பார்க்கும். இடைவெளியை அலுமினியத் தகடும் ஸ்பாஞ்சும் வைத்து அடைத்தோம். மறு ஓட்டத்தில் சூடு சற்று இறங்கியது, போதுமான அளவுக்கு இல்லை. பட்டையை எடுத்தால் சூடு குறையும். ஆனால் பட்டை இல்லாவிட்டால் அது 240 இசட்டின் முகம் இல்லை.

அந்த இடத்தில்தான் வேலையை நிறுத்தினேன்.

நிறுத்தி வைத்த மூன்று வாரங்கள்

இந்த மூன்று வாரங்களில் கையால் செய்த வேலை எதுவும் இல்லை. ஆனால் இந்த நிகழ்வில் நான் அதிகம் கற்றது அப்போதுதான். ஒரு மாலை மூவரும் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக் கடையில் உட்கார்ந்தோம். தே தாரே தேநீர் ஆறிப்போகும்வரை முதன்முறையாக மகன் பேசினார்.

"அப்பா, அந்தக் கார் அந்தக் காலத்துல புதுசா இருந்துச்சு. நம்ம செஞ்சது இந்தக் காலத்துல பழசா இருக்கு."

தந்தைக்குக் கோபம் வந்தது. "எல்லாக் கம்பெனியும் செய்யுறான். நிசானே செய்யுறான். நான் செஞ்சா மட்டும் தப்பா?" என்றார். கேள்வி நியாயமானது. அதனால் கம்பெனிகள் என்ன செய்தன என்பதை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பேசினோம். அடுத்தடுத்த நாட்களில் பட்டறைச் சுவரில் படங்களையும் ஒட்டினேன்.

நிசான் 2021இல் காட்டிய புதிய இசட், தன் மூதாதையிடம் வெளிப்படையாகவே கடன் வாங்கியது. விளக்கின் வெளிச்சக் கோடுகள் 240 இசட்டின் வட்டத்தை நினைவூட்டும். பின்விளக்கு 90களின் 300 இசட்எக்ஸிலிருந்து வந்தது. வாய் செவ்வகம். அந்த வாய் பெரிதாக இருக்கிறது என்று பலர் குறை சொன்னார்கள். எங்களுக்கு அப்போது அந்த வாயின் அருமை புரிந்தது: இரட்டை டர்போ வைத்த 400 குதிரைசக்தி இன்ஜினுக்கு அவ்வளவு காற்று வேண்டும். அவர்கள் நினைவுக்கு இடம் கொடுத்தார்கள், காற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். நாங்கள் காற்றை மறந்தோம். ஆனால் எடையைப் பார்த்தால், பழையது சுமார் 1,040 கிலோ, புதியது 1,600ஐ ஒட்டி. முகம் திரும்பி வந்தது. அந்த லேசான உடல் திரும்பவில்லை.

லேசான உடலோடு திரும்பி வந்ததற்கும் ஓர் உதாரணம் உண்டு. அல்பீன் ஏ110 முதலில் 1962இல் பிறந்த பிரெஞ்சுக் கார். 2017இல் மறுபடி வந்தபோது நான்கு விளக்கு, நடுவே முதுகெலும்பு போல ஓடும் பானட் கோடு எல்லாம் பழையதிலிருந்து எடுத்தார்கள். அதோடு அலுமினிய உடல் செய்து எடையைச் சுமார் 1,100 கிலோவில் நிறுத்தினார்கள். அந்தக் காரைப் பார்த்து யாரும் வேஷம் என்று சொல்ல மாட்டார்கள். சாயல் முகத்தோடு நிற்கவில்லை, நடையிலும் இருக்கிறது.

எதிர்ப்பக்கம் ஃபோர்டு தண்டர்பேர்டு. 1955ஆம் ஆண்டு காரின் தோற்றத்தை 2002 மாடலாகக் கொண்டுவந்தார்கள். முதல் ஆண்டில் கொண்டாடப்பட்டது. 2005 மாடலோடு உற்பத்தி நின்றது. பார்த்தவர்களுக்குப் பிடித்தது, ஓட்டியவர்களுக்கு அதில் ஸ்போர்ட்ஸ் கார் கிடைக்கவில்லை என்பதே என் கணிப்பு. அதே ஃபோர்டு 2005 மாடல் முஸ்டாங்கிலும் பழைய முகத்தைத்தான் வைத்தது, அது நன்றாக விற்றது. முஸ்டாங் 1964இலிருந்து நிற்காமல் வந்துகொண்டிருந்த கார். பாட்டியின் சேலையைப் பேத்தி கட்டுவது வேறு, கடையில் வாங்கிய பொம்மைக்குச் சுற்றிவிடுவது வேறு.

தந்தையை அசைத்தது இதில் எதுவும் இல்லை. கூன்டாஷ்தான். 1971இல் ஜெனீவாவில் காட்டப்பட்ட லம்போர்கினி கூன்டாஷை வரைந்தவர் மார்செல்லோ கந்தினி. 2021இல் அதே பெயரில், அதே சாயலில் 112 கார்களை மட்டும் அந்தக் கம்பெனி செய்தபோது, அதில் தனக்குப் பங்கில்லை என்று கந்தினி அறிவித்தார். ஒவ்வொரு புதிய காரும் முந்தையதை உடைக்க வேண்டும் என்பதே தன் வழி என்பது அவர் சொன்னதன் சாரம். 80 வயதைத் தாண்டியவர், தன் கையால் வரைந்த கோட்டையே திரும்ப வரைய விரும்பவில்லை. தந்தை அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

நான் இங்கே ஒரு பக்கமாகச் சாய விரும்பவில்லை. 240 இசட்டே வானத்திலிருந்து குதித்ததில்லை. அதன் நீண்ட மூக்கைப் பார்த்தவர்கள் 1961இன் ஜாகுவார் இ-டைப்பை அன்றே நினைவுகூர்ந்தார்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 1989இல் வந்தபோது அறுபதுகளின் லோட்டஸ் எலானைப் பின்பற்றியே வந்தது, இன்றும் வாழ்கிறது. 1997இல் போர்ஷே தன் 911க்கு வட்ட விளக்கை விட்டு, உடைந்த முட்டை போல வழியும் விளக்கை வைத்தது. பழகியவர்கள் பொறுக்கவில்லை, 2004இல் வட்டம் திரும்பியது. ஆகவே கடன் வாங்குவது தவறில்லை. எதைக் கடன் வாங்குகிறோம், அதற்கு இந்த வண்டியில் வேலை இருக்கிறதா என்பதே கேள்வி. இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய முகத்தோடு வந்த கார் அடுத்த தலைமுறைக்கு எங்கே போகும்? 1970இன் சாயலில் 2008இல் வந்த டாட்ஜ் சேலஞ்சர், 2023இல் உற்பத்தி நிற்கும்வரை ஏறக்குறைய அதே முகத்தோடுதான் இருந்தது.

இதை முடித்து வைத்தது மகனின் ஒரு வாக்கியம். "அங்கள், நம்ம காரே கடன் வாங்கின கார்தானே?" உண்மைதான். டொயோட்டா 86 என்ற பெயரே, டொயோட்டாவின் 1983ஆம் ஆண்டுக் காரான ஏஇ86இலிருந்து வந்தது. அந்தக் கட்டம்போட்ட முகமும் எழும்பும் விளக்கும் இதில் இல்லை. முன்னால் இன்ஜின், பின்சக்கர இழுப்பு, குறைந்த எடை, சாதாரண ஆள் எட்டிப் பிடிக்கும் விலை: இவற்றைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நான் ஏழு மாதம் கையில் வைத்திருந்த வண்டியே பதிலைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறது.

இரண்டாம் முடிவு

அக்டோபர் கடைசியில் தந்தை ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்பதைவிட, விட்டுக்கொடுத்தார் என்பதே சரி. மூக்கைக் கழற்றி, கம்பெனி பம்பரையும் விளக்குகளையும் திரும்ப மாட்டினோம். பிறகு அவரிடம் வேறு மாதிரி கேட்டேன்: "அண்ணே, அந்தக் கார்ல உங்களுக்குக் கண்ணைத் தவிர வேற என்ன ஞாபகம் இருக்கு?"

நிறம், அந்த ஆரஞ்சு. எட்டு ஆரம் போட்ட சக்கரம். உள்ளே டேஷ்போர்டின் நடுவில், ஓட்டுபவர் பக்கம் திரும்பி நின்ற மூன்று வட்ட மீட்டர்கள். மாமன் அந்த மூன்றில் ஒன்றைச் சுட்டி, "இது எண்ணெய். இது படுத்தா வண்டி படுத்துரும்" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

அதைக் கேட்டதும் பெரியவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். செப்பாங்கில் இல்லாமல் போனது அந்த மீட்டர்தான்.

டேஷ்போர்டின் மேல் மூன்று வட்டங்கள் வைத்தோம்: எண்ணெய்ச் சூடு, எண்ணெய் அழுத்தம், பேட்டரி வோல்ட். கூண்டைப் பெரியவர் தகரத்தில் அடித்தார். ஓட்டுபவர் கண்ணுக்கு நேராக எத்தனை சாய்வு வேண்டும் என்பதற்குத் தந்தையை இருக்கையில் உட்காரவைத்து, மகனை உட்காரவைத்து, இருவருக்கும் பொதுவான ஓர் இடத்தில் நிறுத்தினார். வெயிலில் முள் கண்ணாடியில் பளிச்சிடாமலிருக்க மேலே ஒரு விரல் அகலத்துக்குக் குடை. அந்தக் குடைக்கே இரண்டு நாள் போனது. சிறிய எண்ணெய் கூலர் ஒன்று, கம்பெனி வாயின் பின்னால், காற்று நேராக விழும் இடத்தில். சக்கரம் 17 அங்குலத்திலிருந்து 16க்கு இறங்கியது, எட்டு ஆரம், முன்பைவிட லேசு. டயர் சற்றுத் தடிமன். நம் சாலைக் குழிகளுக்கு அது நல்லதுதான்.

நிறத்துக்கு அவர் ஞாபகத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆறு தகடுகளில் அடித்து வெயிலில் வைத்தோம். நான்காவதைத் தொட்டு, "இதுதான்" என்றார்.

விளைவு

நிற மாற்றம் பதிவில் ஏறியது. காப்புறுதிக்கு ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தில் கொடுத்தோம். 2023 பிப்ரவரியில் மறுபடி செப்பாங். ஐந்து சுற்று, எண்ணெய் 116 டிகிரியைத் தாண்டவில்லை. இந்த முறை தந்தை பக்கத்து இருக்கையில் இருந்தார். மகன் சாலையைப் பார்க்க, அவர் நடு மீட்டரைப் பார்த்து ஒவ்வொரு நேர்ப்பாதையிலும் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

வண்டியைப் பார்ப்பவர்கள் அது 240 இசட் போல இருக்கிறது என்று சொல்வதில்லை. நல்ல ஆரஞ்சு என்கிறார்கள். அந்தக் காரை அறிந்த வயதானவர்கள் மட்டும் உள்ளே எட்டிப் பார்த்து, மூன்று மீட்டரைக் கண்டு சிரிக்கிறார்கள்.

இழப்பும் உண்டு. முதல் மூக்குக்கு ஆன 11,400 ரிங்கிட்டில் பாதியைப் பட்டறை ஏற்றது. சட்டகத்துக்காகத் துளைபோட்ட இரண்டு இடங்களை அடைத்துத் துருத்தடுப்பு அடித்தோம். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். தந்தை முழு மனநிறைவு அடைந்தார் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வட்டக் கண் இல்லாதது அவருக்கு இன்னும் குறைதான்.

மறுபடி செய்வதென்றால்

முதல் நாளிலேயே மகனைப் பேசவைப்பேன். வண்டியை ஓட்டப் போகிறவர் பேசாமல் நின்றால், வேலை தொடங்கக் கூடாது. அவர் மார்ச்சில் பேசியிருந்தால் அக்டோபரில் கழற்ற வேண்டியிருக்காது. அது அவர் தவறில்லை. பெரியவர்கள் நடுவில் தானாக வாய்திறக்கும் வழக்கம் நம் வீடுகளில் குறைவு. கேட்பது என் பொறுப்பு.

ஃபைபர் ஊற்றுவதற்கு முன், அட்டையில் வாயை அதே அளவுக்கு அடைத்துத் தடத்தில் ஒருநாள் ஓட்டிச் சூடு பார்ப்பேன். ஒரு சுருள் டேப்பும் பத்து ரிங்கிட் அட்டையும் நான்கு மாத வேலையை மிச்சப்படுத்தியிருக்கும். "முகம் உட்காரல" என்று பெரியவர் சொன்னதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கியிருப்பேன்.

பழைய காரின் படத்தோடு வருபவரிடம் இப்போது நான் படத்தைக் கடைசியில்தான் வாங்குகிறேன். முதலில் அந்தக் காரில் யார் உட்கார்ந்திருந்தார்கள், எங்கே நின்றது, எந்தச் சத்தம் கேட்டது என்று கேட்கிறேன். போன மாதம் ஒருவர் வந்தார், மலேசியக் காரான புரோட்டான் சத்ரியா ஜிடிஐயின் முகம் வேண்டும் என்று. அரை மணி நேரம் பேசிய பிறகு அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் காரின் கியர்க் கம்பியின் குட்டை வீச்சுதான் என்று தெரிந்தது. அதைச் செய்து கொடுக்கலாம்.

கழற்றிய மூக்கை எறிய தந்தை விடவில்லை. ரவாங்கில் அவருடைய லாரி அலுவலகத்தில், கணக்கு மேசைக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருக்கிறார். இரண்டு வட்ட விளக்குக்கும் வயர் இழுத்திருக்கிறார். மாலை ஆறரைக்கு ஷட்டரை இறக்கும் முன் அவற்றை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அணைக்கிறார்.